சதுரங்கமும் சாமானியனும்

சதுரங்கம் பற்றிய எழுத்துக்கு இன்று பஞ்சமில்லை. உலகச் சாம்பியன் பட்டத்துக்கான போட்டி எங்கேனும் நடைபெற்றால், அதன் ஒவ்வொரு நகர்வும் அடுத்த கணமே உலகின் மூலைமுடுக்கெல்லாம் பரவுகின்றது. வென்றவன் எப்போது உறங்கினான், என்ன உண்டான், எவ்வளவு பணம் பெற்றான் என்பனவெல்லாம் செய்தியாகின்றன. ஆயின், பகலெல்லாம் கந்தோரில் கணக்கெழுதிய இலிகிதர் ஒருவரும், ஐந்து பாடவேளை கரும்பலகை முன் நின்ற ஆசிரியர் ஒருவரும் மாலையில் கழகமொன்றின் மேசையில் எதிரெதிரே அமர்ந்து, நான்கு மணி நேரம் சிந்தித்து ஆடி முடிக்கும் போட்டி ஆட்டத்தைப் பற்றி எவரும் ஒரு வரிதானும் எழுதுவதில்லை. “அதில் எழுத என்ன இருக்கிறது? பிழை மலிந்த ஆட்டம்” என்று நமது ரசிகமணிகள் உதட்டைப் பிதுக்குவர்.

இந்த உதட்டுப் பிதுக்கத்தை நாம் சும்மா விடுவதற்கில்லை. சாமானியன் ஆடும் ஆட்டம் பதிவுசெய்யப்பட வேண்டியது, ஆராயப்பட வேண்டியது, பேசப்பட வேண்டியது என்பது நமது கட்சி. அவனது ஆட்டத்தைப் பேசத் தகாதது என ஒதுக்குவோர், அறிந்தோ அறியாமலோ, சிந்தனை என்பது ஒருசிலரின் பரம்பரைச் சொத்து எனும் பழைய கொள்கைக்கே புதிய சட்டை தைக்கின்றனர்.

முதலில் அந்த ஆட்டம் எத்தகையது என்பதைப் பார்ப்போம். கழகப் போட்டியொன்றில் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் தரப்படுகின்றது என்றும், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி மேலதிகமாகச் சேர்க்கப்படுகின்றது என்றும் வைத்துக்கொள்வோம். தொட்ட காயை நகர்த்தியே தீரவேண்டும். தம் நகர்வையும் எதிராளியின் நகர்வையும் தாமே தாளில் எழுதிவரவேண்டும். யாரிடமும் கேட்கலாகாது, எதையும் பார்க்கலாகாது. அந்தச் சில மணி நேரத்துக்கு, ஊரில் யார் பெரியவர், யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பன செல்லா. மேசைக்கு இருபுறமும் இரண்டு மனங்கள். நடுவே 64 கட்டங்கள். சாமானியன் ஒருவன் தன் வாழ்நாளில் தொடர்ச்சியாக நான்கு மணி நேரம் பிறர் ஏவலின்றி, தன் முடிவைத் தானே எடுத்து, அதன் பலனைத் தானே ஏற்கும் சந்தர்ப்பங்கள் எத்தனை? வேலைத்தலத்தில் அவனுக்கு அச்சந்தர்ப்பம் இல்லை. பரீட்சை மண்டபத்திலும் பெரும்பாலும் இல்லை. அங்கே பிறர் முன்கூட்டியே தீர்மானித்த விடையை அவன் ஒப்புவிக்கின்றான்.

‘சாமானியன்’ என்று நாம் கூறுவது இழிவுப் பொருளிலன்று. சதுரங்கத்தால் சீவியம் நடத்தாதவன் என்பதே அதன் பொருள். 1851 ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற முதலாவது சர்வதேசப் போட்டியில் வென்றவர் அடொல்ப் அண்டர்சன். அவர் பிரெஸ்லோ நகரத்துப் பாடசாலையொன்றில் கணிதம் போதித்த ஆசிரியர். போட்டி முடிந்ததும் வகுப்பறைக்கே திரும்பியவர். 1948 இல் உலகச் சாம்பியனான பொட்வின்னிக் மின்பொறியியலாளர். பட்டம் பெற்ற பின்னும் அத்தொழிலைக் கைவிடாதவர். வேறு தொழில் புரிவோனின் மூளை சதுரங்கத்துக்கு உதவாது என்னும் எண்ணம், ஆட்டத்தைச் சந்தைப் பொருளாக்கியோர் பின்னாளில் பரப்பிய எண்ணமேயாகும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, தரம் பற்றிய வாதம். “மகாகவியின் காவியம் இருக்க மாணவன் எழுதிய செய்யுளை யாரேனும் படிப்பரோ? மேதைகளின் ஆட்டங்கள் இருக்கக் கழக ஆட்டம் எதற்கு?” என்பர். கேட்பதற்கு நியாயம்போல் தோன்றும் இவ்வாதத்துக்குச் சதுரங்க வரலாறே விடையளித்திருக்கின்றது. அவ்விடை சற்று விரிவாகவே சொல்லத்தக்கது.

1875 ஆம் ஆண்டில் இலண்டனில் பென்டன், பொட்டர் எனும் இருவர் ஓர் ஆட்டம் ஆடினர். பொட்டர் அக்காலத்து இங்கிலாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவர். இறுதியில் ஒருபுறம் அரசனும் ஒரு காலாளும், மறுபுறம் அரசனும் ஒரு கோட்டையும் எஞ்சின. இருவரும் சமநிலை என ஒப்புக்கொண்டு எழுந்தனர். இருபது ஆண்டுகள் கழிந்தன. 1895 இல் பொட்டர் காலமானபோது, கிளாஸ்கோ நகர வார இதழொன்றில் சதுரங்கப் பகுதியை நடத்திவந்த பார்பியே என்பவர், அவ்வாட்டத்தின் முடிவை நினைவிலிருந்து எழுதினார். நினைவு அவரை ஏமாற்றியது. அவர் தந்த நிலை உண்மையில் ஆடப்பட்ட நிலையன்று. பின்னர் அவர் அதனை மேலும் சற்றே மாற்றி, கறுப்பு அரசனை மூலைக் கட்டத்தில் நிறுத்தி, கறுப்பு தோல்வியினின்று தப்பிச் சமநிலை பெறுவது எங்ஙனம் என்று ஒரு புதிராக வெளியிட்டார். விடையையும் அவரே அச்சிட்டார்.

அவ்விடை அழகானதுதான். வெள்ளைக் காலாள் மறுகரையை அடைய ஓரடியே உள்ளது. கறுப்புக் கோட்டை வெள்ளை அரசனுக்கு இடைவிடாது ‘செக்’ வைக்கின்றது. அரசன் ஒவ்வொரு கட்டமாகக் கீழிறங்கி, ஈற்றில் ‘செக்’ எட்டாத இடத்தை அடைகின்றான். காலாளை இனித் தடுக்க வழியில்லை. அப்போது கோட்டை ஒரு பொறியை வைத்துக் காத்திருக்கின்றது. காலாள் மறுகரை சேர்ந்து அரசியாக மாறினால், கோட்டை அதன் எதிரே பாய்ந்து ‘செக்’ சொல்லித் தன்னையே பலியிடும். அரசி அதனை வெட்டாவிடின் அரசியே பறிபோகும். வெட்டினால், மூலையில் நிற்கும் கறுப்பு அரசனுக்கு ‘செக்’கும் இல்லை, நகர்வதற்குக் கட்டமும் இல்லை. விதியின்படி அது சமநிலை. நிபுணர் சொன்னார், பத்திரிகை அச்சிட்டது, விடயம் முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

கிளாஸ்கோவில் அந்நாளில் வாழ்ந்த பெர்னாண்டோ சாவெத்ரா எனும் ஸ்பானிய மதகுரு அவ்வாறு எண்ணவில்லை. அவர் அந்நகரக் கழகத்தில் ஆடிவந்தவர். வலிமை வாய்ந்த ஆட்டக்காரர் என அவரை யாரும் சொன்னதில்லை. இந்த ஒரு நிகழ்ச்சி இல்லையாயின் சதுரங்க வரலாற்றில் அவர் பெயரே இல்லை. அவர் சொன்னது இதுதான்: காலாளை அரசியாக்க வேண்டாம், கோட்டையாக்குக!

எல்லாம் வல்ல அரசியை விடுத்து, அதனினும் வலு குறைந்த கோட்டையை ஒருவன் வேண்டிப் பெறுவானேன்? காரணம் எளிது. கோட்டைக்கு அரசியைப்போல் மூலைவாட்டில் தாக்கும் ஆற்றல் இல்லை. ஆகவே கறுப்புக் கோட்டை தன்னைப் பலியிட்டாலும், அதனை வெட்டியபின் கறுப்பு அரசனுக்கு ஒரு கட்டம் திறந்தே இருக்கும். சமநிலைப் பொறி பலிக்காது. அதேவேளை, புதிய கோட்டை ஓரத்து நிரலுக்குச் சென்று கறுப்பு அரசனைக் கொல்ல முனைகின்றது. அதைத் தடுக்கக் கறுப்புக் கோட்டை ஓரத்துக்கு ஓடவேண்டும். உடனே வெள்ளை அரசன் ஓரடி வைத்து அக்கோட்டையைத் தாக்குகின்றான். அதே அடியில், தன் கோட்டை முதல் வரிசையில் இறங்கி ‘மேட்’ செய்வதற்கும் வழிவிடுகின்றான். இரண்டு அச்சுறுத்தல்களையும் ஒரே நகர்வால் தடுக்கக் கறுப்பினால் இயலாது. வெள்ளை வெல்கின்றது. 1895 மே மாதத்தில் பார்பியே இதனைத் தம் பகுதியில் வெளியிட்டார். இன்று உலகெங்கும் சதுரங்க முடிவாட்டங்களைப் போதிக்கும் நூல்களில் ‘சாவெத்ரா நிலை’ எனும் பெயரால் அது நிலைபெற்றுள்ளது.

நண்பர்களே, இந்நிகழ்ச்சியின் உட்பொருளைச் சற்றே கவனியுங்கள். இந்த மணி எங்கிருந்து பிறந்தது? இருவர் ஆடி ஒப்புக்கொண்ட ஒரு சமநிலையிலிருந்தும், மூன்றாமவரின் தவறிய நினைவிலிருந்தும், அவர் அச்சிட்ட தவறான விடையிலிருந்தும் பிறந்தது. பிழைகளை நீக்கிவிட்டால் இங்கே மணியும் இல்லை. அதனைக் கண்டெடுத்தவர் மேதையல்லர். நிபுணரின் அச்சிட்ட விடையைத் தாமே சரிபார்க்கத் துணிந்த ஒரு கழக ஆட்டக்காரர். தரத்தின் பெயரால் கழக ஆட்டத்தை ஒதுக்குவோர், இத்துணிவு எங்கே பயிலப்படுகின்றது என்பதைச் சிந்தித்ததில்லை. வாரந்தோறும் தோற்று, வாரந்தோறும் மீண்டும் அமர்ந்து, தன் தலையால் எண்ணிப் பழகியவனுக்கே அச்சிட்ட விடையை ஐயுறும் பழக்கம் வரும். மேதையின் ஆட்டத்தை வியந்து பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு வியக்கும் பழக்கமே வரும்.

இரண்டாவது எதிர்வாதம் நம் அணியினுள்ளிருந்தே எழுவது. “சதுரங்கம் பிரபுக்களின் பொழுதுபோக்கு. அரசனைக் காக்கக் காலாள்கள் மடியும் ஆட்டம் அது. உழைக்கும் மக்களின் பிரச்சினைகள் மலைபோற் குவிந்துகிடக்க, முற்போக்காளர் இதனைப் பேசுவது காலவிரயம்” என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். அவர்களது ஆவேசத்தை நாம் மதிக்கின்றோம். அவர்களது வரலாற்றறிவை மதிக்க இயலவில்லை.

சதுரங்கம் அரண்மனைகளில் ஆடப்பட்டது உண்மை. எழுத்தும் ஒருகாலத்தில் கோயில்களிலும் அரண்மனைகளிலுமே வாழ்ந்தது. அதற்காக உழைக்கும் மக்கள் எழுத்தறிவை வேண்டாமென்றார்களா? ஜேர்மனியத் தொழிலாளர் 1912 ஆம் ஆண்டில் நூரன்பேர்க் நகரில் தமக்கெனத் தொழிலாளர் சதுரங்க ஒன்றியத்தை நிறுவினர். ஆலையில் உழைத்துக் களைத்த கைகள் மாலையில் காய்களை ஏந்தின. 1933 இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், தொழிற்சங்கங்களோடும் தொழிலாளர் கட்சிகளோடும் அந்த ஒன்றியமும் ஒழிக்கப்பட்டது. வெறும் பொழுதுபோக்காயின் பாசிசம் அதற்கு ஏன் அஞ்சவேண்டும்? தொழிலாளர் தாமே கூடித் தாமே சிந்திக்கும் இடம் எதுவாயினும் அது பாசிசத்துக்கு ஆகாத இடமே.

பொதுவுடைமை இயக்கத்தின் மூலவர்களும் சாமானிய ஆட்டக்காரர்களே. மார்க்ஸ் இலண்டனில் அகதியாக வாழ்ந்த நாட்களில் தோழர்களுடன் சதுரங்கம் ஆடியதையும், தோற்றால் அவருக்குப் பொல்லாத கோபம் வந்ததையும் லீப்னெக்ட் தம் நினைவுக் குறிப்புகளில் சொல்லியிருக்கின்றார். 1908 இல் கப்ரித் தீவில் லெனின் பொக்தானவுடன் ஆடும் புகைப்படம் உலகறிந்தது. கோர்க்கியும் அப்படத்தில் உள்ளார். இவர்களுள் எவரும் சதுரங்க மேதையர் அல்லர். தோற்பதற்கு நாணாமல் ஆடியவர்கள்.

சோவியத் நாட்டின் அனுபவமோ இருமுனைப் பாடம். புரட்சிக்குப் பின் அங்கே சதுரங்கம் ஆலைகளுக்கும் தொழிற்சங்க மன்றங்களுக்கும் படைமுகாம்களுக்கும் எடுத்துச் செல்லப்பட்டது. 1925 இல் மொஸ்கோவில் அரசின் செலவில் சர்வதேசப் போட்டி நடைபெற்றது. அப்போது உலகச் சாம்பியனாயிருந்த கப்பபிளாங்கா, ஓய்வு நாளொன்றில் லெனின்கிராட் சென்று பலருடன் ஒரே நேரத்தில் ஆடினார். அன்று அவரை வென்றவருள் 14 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நாம் மேலே குறிப்பிட்ட பொட்வின்னிக்தான் அப்பையன். பரந்த நிலத்தில் விதைத்தால் பயிர் எங்கே முளைக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆயின் அவ்வியக்கத்தை முன்னின்று நடத்திய கிறிலென்கோ 1938 இல் ஸ்டாலினின் களையெடுப்பில் சுட்டுக்கொல்லப்பட்டார் என்பதையும் நாம் மறைக்கலாகாது. மக்களுக்குச் சிந்திக்கப் பழக்கும் அரசு, அவர்களது சிந்தனைக்கு அஞ்சவும் தொடங்கினால் என்ன நேரும் என்பதற்கு அதுவும் சான்று. பின்னாளில் உலகப் பட்டங்களின் எண்ணிக்கை அரசின் பெருமையாயிற்று. உலகம் இன்று அப்பட்டங்களையே நினைவுகூர்கின்றது. அவற்றுக்கு அடித்தளமான ஆலை மன்றங்களில் ஆடிய பெயரறியாத பல்லாயிரவரை நினைவுகூர்வாரில்லை.

இனி, சாமானியனின் ஆட்டத்தை இன்று சிறுமைப்படுத்தும் சக்திகள் எவை? பிரபுத்துவக் காலத்து ஏளனம் இன்று புதிய உருவங்களில் வருகின்றது. அவற்றுள் முதலாவது எண். அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஆர்பாட் ஏலோ, ஆட்டக்காரரின் வலிமையை மதிப்பிட ஒரு கணக்கு முறையை வகுத்தார். அமெரிக்கச் சம்மேளனம் 1960 இலும், சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் 1970 இலும் அதனை ஏற்றன. இருவர் ஆடினால் யார் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என மதிப்பிடுவதே அதன் நோக்கம்; அந்த அளவில் அது பயனுள்ளது. ஆனால் இன்று அது மனிதனின் நெற்றியில் ஒட்டும் விலைச்சீட்டாகிவிட்டது. கழகத்துக்குப் புதிதாக வருபவனிடம் “உன் பெயர் என்ன?” என்பதற்கு முன் “உன் எண் என்ன?” என்கின்றனர். குறைந்த எண்ணுடையவனோடு ஆடித் தோற்றால் தன் எண் இறங்கிவிடுமே என்றஞ்சி, போட்டிக்கே வராதிருப்போரும் உளர். மனிதர் தாம் ஆக்கிய அளவுகோலுக்குத் தாமே அடிமையாகும் விந்தை இது.

அந்த எண்ணின் புனிதம் எத்தகையது? 2024 மார்ச் முதலாம் திகதி சர்வதேசச் சம்மேளனம் தன் பட்டியலின் அடிமட்டத்தை 1000 இலிருந்து 1400 ஆக உயர்த்தியது. 2000 க்குக் குறைந்த எண்ணுடையோர் அனைவருக்கும் ஒரு சூத்திரத்தின்படி எண் கூட்டப்பட்டது. முதல்நாள் 1000 ஆயிருந்தவர் மறுநாள் 1400 ஆனார். ஆள் மாறவில்லை, ஆட்டம் மாறவில்லை, ஒரு காலாள்கூட அசையவில்லை. கணக்கைச் சீர்செய்யும் நல்ல நோக்கத்துடனேயே இது செய்யப்பட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரே இரவில் நானூறு கூடக்கூடிய ஒன்றை மனிதனின் மதிப்பு என்று நம்பியவர்கள் அன்று காலை தம் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது சக்தி உடைமை. ஆட்டக்காரன் தன் கையால் எழுதும் நகர்வுத்தாள் யாருக்குச் சொந்தம்? சர்வதேச விதி தெளிவாகச் சொல்கின்றது: போட்டியை நடத்துவோருக்குச் சொந்தம். சிந்தித்தவன் ஒருவன், எழுதியவன் அவனே, தாள் மட்டும் மற்றவனது. உழைப்பையும் உடைமையையும் பற்றிப் பாடம் நடத்தும் நமது ஆசிரியர்கள் இதைவிடச் சுருக்கமான உதாரணத்தைத் தேடவேண்டியதில்லை. இந்த மனப்பான்மை எவ்வளவு தூரம் போகும் என்பதை 2016 இல் கண்டோம். அவ்வாண்டு நியூயோர்க்கில் உலகச் சாம்பியன் போட்டியை நடத்திய நிறுவனம், ஆட்டம் நடக்கும்போதே நகர்வுகளைப் பிறர் வெளியிடுவதைத் தடுக்குமாறு நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றம் அத்தடையை வழங்க மறுத்தது. ஆயினும், குதிரை எந்தக் கட்டத்துக்குத் தாவியது என்னும் செய்தியையே வேலியிட்டு விற்க முனைந்தவர்கள் உளர் என்பதை மறவாதிருப்போம். மேதைகளின் ஆட்டத்துக்குச் சந்தையில் விலையுண்டு, ஆகவே அதற்கு வேலி போடுகின்றனர். சாமானியனின் ஆட்டத்துக்கு விலையில்லை, ஆகவே அதனைக் குப்பையில் போடுகின்றனர். இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்.

மூன்றாவதும், மிகவும் நுட்பமானதும் யந்திரம். 1997 மே மாதத்தில் நியூயோர்க்கில் ‘டீப் புளூ’ எனும் கணினி அந்நாளைய உலகச் சாம்பியன் கஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. அன்று அதற்குப் பெருங்கணினி வேண்டியிருந்தது. இன்று அதனினும் வலிய யந்திரம் மாணவன் ஒருவனின் கைத்தொலைபேசியிலேயே அடங்கியுள்ளது. ‘ஸ்டொக்பிஷ்’ எனும் ஆட்டமென்பொருள் 2008 இலிருந்து தன்னார்வலர் பலரின் கூட்டுழைப்பால் வளர்ந்து, எவரும் இலவசமாகப் பெறத்தக்கதாய் இருக்கின்றது. “இதுவன்றோ உண்மையான ஜனநாயகம்! மேதையின் அறிவு ஏழையின் கைக்கு வந்துவிட்டதே! இனியும் சாமானியனின் தட்டுத்தடுமாறும் சிந்தனைக்கு என்ன தேவை?” என்று கேட்பர். மூன்று எதிர்வாதங்களுள் வலிமை மிக்கது இதுவே.

யந்திரத்தை நாம் பழிக்கவில்லை. இலாபநோக்கின்றிப் பலர் கூடி ஆக்கிய ஒரு கருவி மக்களின் பொதுச்சொத்தாய் இருப்பது கண்டு மகிழ்கின்றோம். தறியை உடைப்பதால் நெசவாளி விடுதலை பெறான் என்பதை வரலாறு நமக்குக் கற்பித்துள்ளது. தறி யார் கையில், எப்போது, எதற்காக இயங்குகின்றது என்பதே வினா. இங்கும் அவ்வாறே.

கழகமொன்றில் ஆட்டம் முடிந்ததும் என்ன நடக்கவேண்டும்? வென்றவரும் தோற்றவரும் காய்களை மீண்டும் அடுக்கி, “இங்கே ஏன் குதிரையை நகர்த்தினீர்?”, “கோட்டையை இந்தப் பக்கம் கொணர்ந்திருந்தால் என்ன செய்திருப்பீர்?” என்று ஒருவரையொருவர் வினவி, தாம் அஞ்சியதையும் ஆசைப்பட்டதையும் காணத் தவறியதையும் வெளிப்படையாகப் பேசவேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கழகங்கள் இவ்வுரையாடலாலேயே உயிர்வாழ்ந்தன. பகைவராய் அமர்ந்த இருவர் ஓர் உண்மையைத் தேடும் தோழராய் எழுந்தனர். இன்று அநேக இடங்களில் நடப்பதென்ன? கைகுலுக்கியதும் இருவரும் இரு மூலைகளுக்குச் சென்று, தத்தம் தொலைபேசியில் நகர்வுகளைப் பதிகின்றனர். யந்திரம் ஒரு தசம எண்ணைக் காட்டுகின்றது. சில நகர்வுகளுக்கெதிரே சிவப்புக் குறி இடுகின்றது. “இருபத்து மூன்றாம் நகர்வு மாபெரும் பிழையாம்” என்று தலையைத் தொங்கவிட்டபடி வீட்டுக்குப் போகின்றனர். அது ஏன் பிழை, அந்தப் பிழையைச் செய்யும்போது தன் மனத்தில் என்ன எண்ணம் ஓடியது, அந்த எண்ணத்தில் எது சரி எது தவறு என்பவற்றை யந்திரம் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆசிரியர்களாகிய வாசகர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. கணிதப் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடைகள் உள்ளன. விடையைப் பார்த்து எழுதிய மாணவனின் கொப்பி தூய்மையாயிருக்கும். அவனுக்கு ஒன்றும் வராது. தவறான விடையைத் தன் வழியிற் கண்டவனின் கொப்பியில் வெட்டும் திருத்தமும் நிறைந்திருக்கும். அவனுக்கே நாளை கணிதம் வரும். நல்லாசிரியர் சிவப்பு மையால் ஒரு கோடிட்டு நிறுத்துவதில்லை, “இவ்வடிக்கு எப்படி வந்தாய்?” என்று கேட்கின்றார். யந்திரம் புத்தகத்தின் பின்பக்கம். முன்பக்கத்துக் கணக்கைச் செய்த பின்னர் அதைப் புரட்டுவது அறிவு. செய்யுமுன் புரட்டுவது அறிவின் தற்கொலை.

பார்பியேயின் மேசையில் அன்று ஒரு கணினி இருந்திருந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் அது ‘கோட்டை’ என்று சொல்லியிருக்கும். நான்கு காய்களே உள்ள நிலை அது. இத்தகைய முடிவாட்டங்களை யந்திரங்கள் முற்றாகத் தீர்த்துவைத்துள்ளன. விடை கிடைத்திருக்கும்; ஆனால் சாவெத்ரா இருந்திருக்க மாட்டார். “விடைதானே முக்கியம், கண்டவன் யாராயிருந்தாலென்ன?” என்று கேட்பவர், மனிதரை விடைகளின் நுகர்வோராக மட்டுமே காண்கின்றார். நமக்கோ, அச்சிட்ட தீர்ப்பின்முன் “பொறு, நானும் ஒருமுறை எண்ணிப் பார்க்கின்றேன்” என்று சொல்லும் மனிதனே முக்கியம். சதுரங்கப் பலகைக்கு அப்பால் அவனிடம் வரவிருக்கும் தீர்ப்புகள் பல. வேலை இழந்தவனுக்கு அது தவிர்க்க முடியாதது என்று நிபுணர் சொல்வர். விலை ஏறினால் அது பொருளாதார விதி என்பர். இனி யந்திரமே அதனைச் சொல்லும். நகர்வொன்றின் சிவப்புக் குறியைக் கேள்வியின்றி ஏற்கப் பழகிய மனம், இவற்றை மட்டும் கேள்வி கேட்குமா?

ஆகவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் பெரியனவல்ல; எந்தக் கழகமும் எந்தப் பாடசாலையும் அடுத்த வாரமே செய்யக்கூடியவை. ஆட்டம் முடிந்தபின் அரைமணி நேரமாவது இருவரும் யந்திரமின்றிச் சேர்ந்து ஆராயவேண்டும். யந்திரத்தைப் பின்னர் கேட்கட்டும், அதனோடு வாதாடவும் செய்யட்டும். போட்டி நடத்துவோர் நகர்வுத்தாள்களைக் கட்டிவைத்துச் செல்லரிக்க விடாமல், ஆடியவர் கையில் பிரதியை ஒப்படைக்கவேண்டும். ஒவ்வொரு போட்டியிலிருந்தும் சாமானியர் ஆடிய ஓர் ஆட்டமாவது, வென்றவரும் தோற்றவரும் தத்தம் சொற்களில் எழுதிய குறிப்புகளுடன் வெளிவரவேண்டும். அதில் எண்கள் வேண்டாம். “இங்கே நான் அஞ்சினேன், ஆகவே பின்வாங்கினேன்” என்பதுபோன்ற உண்மைகள் வேண்டும். ஆட்டக்காரரை எண்ணால் அழைப்பதை விடுத்துப் பெயரால் அழைக்கவேண்டும்.

பழைய சதுரங்கத்தில் மறுகரை சேர்ந்த காலாள் மந்திரியாக மட்டுமே மாறலாம். அம்மந்திரியும் ஓரடிக்குமேல் நகரமாட்டாத வலுவற்ற காய். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அம்மந்திரி பேராற்றல் படைத்த அரசியாயிற்று. பின்னர் நிலைபெற்ற விதியோ, காலாள் எதுவாக மாறுவது என்னும் தெரிவை ஆடுபவனிடமே விட்டது. அந்தத் தெரிவைச் சரியான இடத்தில் பயன்படுத்தியவர் ஒரு கிளாஸ்கோக் கழகத்துச் சாமானியர். அரசியாவதே மேன்மை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, இவ்விடத்தில் அது வெற்றியைப் பறிக்கும் என்று தம் கண்ணால் கண்டு சொன்னவர். அவரைப்போன்றோர் இன்று மாலையும் எங்கோ ஒரு மேசையில் தலையைக் கையில் தாங்கி அமர்ந்திருக்கின்றனர். அவர்களது ஆட்டத்தை எழுதுங்கள். அதில் உள்ள பிழைகளையும் எழுதுங்கள். எழுதியதை நால்வர் கூடி வாதிடுங்கள்.